பன்னிரண்டாவது ஆள்

சாங்கிப் படகுத்துறையில் ஒரே சட்டம்:
பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு.
நாங்கள் பதினொருவர்.

பன்னிரண்டாவது ஆள் இந்நேரம்
தெம்பனிஸில், ஏழாம் மாடியில்,
மகனின் பின்னக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள்.
"கோச்சுக்காதடி, நாளைக்கு அவனுக்குப் பரீட்சை"
என்று ஆறே முக்காலுக்கு வந்தது செய்தி.
இளவேனிலுக்கும் சேர்த்து வாங்கிய நாசி லெமாக்
என் பையில் இன்னும் சூடாக இருந்தது.

தாமதத்துக்குக் காரணம் நான்தான் என்று
யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் எல்லோரும் கைப்பேசிக்குள் குனிந்திருந்தோம்.
பிறகு ஒவ்வொருவராக
படிக்கட்டுப் பக்கம் தலையைத் திருப்பினோம்.
தூண்டிலோடு வந்தவர்
துறையிலேயே உட்கார்ந்துவிட்டார்.
நாயோடு ஒருத்தி வழியனுப்ப வந்தாள்;
நாய் கணக்கில் சேராது என்று
யாரும் கேட்குமுன்பே கையசைத்தார் படகுக்காரர்.
ஓடிவந்த ஓர் இளைஞன்
கைப்பிடிக் கம்பியைத் தொட்டுவிட்டு
வந்த வழியே திரும்பி ஓடியபோது
பதினொரு பேரும் ஒன்றாக "அடடா" என்றோம்,
நான்கு மொழிகளில்.

அதன்பிறகு அந்நியராக இருப்பது கஷ்டம்.

மலாய்க் குடும்பத்தின் சின்னவள் கேட்டாள்,
நிறையச் சாப்பிட்டு
நான் ரெண்டு ஆளாகிவிடட்டுமா என்று.
ஊன்றுகோல் வைத்திருந்த சீனத் தம்பதி
ஆரஞ்சு உரித்துச் சுளை சுளையாக நீட்டினார்கள்.
பறவை பார்க்க வந்த கண்ணாடிக்காரர்
காலி இடத்துக்கான நான்கு வெள்ளியைப்
பதினொன்றால் வகுத்துக்கொண்டிருந்தார்:
ஆளுக்கு முப்பத்தாறு காசு, மீதி நாலு காசு,
அந்த நாலு காசை யார் கொடுப்பது?

இங்கேயும் பின்னக் கணக்கு.
என்னால் தாங்க முடியவில்லை.
"முழுசும் நான் தரேன். அது என் தோழியோட இடம்."

சீனத்து அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.
காசு கட்டிய இடம் சும்மா போகலாமா,
உன் தோழியின் சாப்பாட்டை
அங்கே வை என்றார்.
வைத்தேன்.
படகுக்காரர் விரலால் எண்ணிக்கொண்டே வந்து
பொட்டலத்தின் மேல் நிறுத்திச் சொன்னார்:
"பன்னிரண்டு."

உபின் கரையில்
விடைபெறாமலே பிரிந்தோம்.
சைக்கிள் கடைப் பக்கம் பாதிப்பேர்,
கல்லுடைத்த குளத்துப் பக்கம் நான்.
செம்மண் பாதையில் ஒரு காட்டுப்பன்றி
ஐந்து குட்டிகளோடு குறுக்கே போனது.
அவற்றை யாரும் எண்ணவில்லை,
நான் மட்டும் எண்ணினேன், பழக்கதோஷம்.

டுரியான் மரத்தடியில்
தலைக்குமேல் கைப்பைகளைப் பிடித்தபடி
காலைப் படகின் மூன்று பங்ளாதேஷ் இளைஞர்கள்
விழுந்த பழம் தேடிக்கொண்டிருந்தார்கள்.
பழம் கிடைக்கவில்லை. ஓடு கிடைத்தது,
குரங்கு முந்திக்கொண்டதற்குச் சாட்சியாக.
கப்பல் பட்டறையில் வேலை என்றார் ஷஹாதத்.
மாதத்தில் இந்த ஒரு ஞாயிறு மட்டும்
மூவருக்கும் ஒன்றாக விடுமுறை விழுகிறதாம்.
இளவேனிலின் பொட்டலத்தைப் பிரித்தோம்.
ஆறிப்போன தேங்காய்ச் சோறு, நெத்திலி,
நாலாகப் பிரிக்கவே முடியாத ஒரு முட்டை.
மூவரும் முட்டையை என் பக்கமே தள்ளினார்கள்,
நான் திருப்பித் தள்ளினேன்.
கடைசியில் அதை யார் சாப்பிட்டது என்று
சொல்லமாட்டேன்.

மாலையில் இந்தப் பக்கத் துறையில் நீண்ட வரிசை.
எல்லோர் காலிலும் செம்மண்,
எல்லோருக்கும் வீட்டுக்குப் போக அவசரம்.
படகுக்காரர் விரல் நகர்ந்து நகர்ந்து வந்து
எனக்கு முன்னால் நின்றிருந்த
சீனத்து அம்மாவோடு நின்றுவிட்டது.
பன்னிரண்டு.
அவர் படகிலிருந்து என்னைப் பார்த்துத்
தோளைக் குலுக்கினார்.
தன் பையை மடியில் தூக்கி வைத்து
இடமிருப்பதுபோல் காட்டினார்.
படகுக்காரர் தலையசைத்து மறுத்தார்.

இளவேனிலிடம் கேட்டேன்,
"கணக்கு முடிஞ்சுதா?"
"முடிஞ்சுது. அவன் பாஸ், நான்தான் ஃபெயில்."

படகு கிளம்பியது. கயிறு தண்ணீரில் விழுந்து
நனைந்து மேலே வந்தது.
பின்னாலிருந்து யாரோ கேட்டார்,
எவ்வளவு நேரமாகும், வரிசை எங்கே தொடங்குகிறது?

இங்கே, என்றேன்.
நான்தான் ஒன்று.